யார் கைக்குச் செய்த கடிகாரம்

எத்தியேன் என்ற வெள்ளைக்காரர் பல வருடங்களாக ஒவ்வொரு ஜனவரியிலும் என் விடுதிக்கு வந்து ஒரு மாதம் தங்கிப் போகிறார். செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஆசிரமத்துக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் இருக்கிறது விடுதி. மாடியில் ஓர் அறை, மலை தெரிகிற ஜன்னல், காலையில் இட்லி, சாயங்காலம் டீ. வேறெதுவும் அவருக்கு வேண்டாம். சமையல் பார்க்கும் கன்னியம்மாள் அவருக்கு எட்டியப்பன் என்று பெயர் வைத்துவிட்டாள். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று முதல் வருடமே கேட்டுவிட்டேன். சின்னச் சின்னப் பொருள்கள் செய்வேன் என்றார். பொம்மை செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவிடுகிற குணம் எனக்குக் கிடையாது. என் விடுதியில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு விவாகரத்து என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த மனிதர் மட்டும் ஒரு புன்னகையிலேயே கதவைச் சாத்திவிடுவார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தாடி. கூட ஒரு பெண், தலையில் முக்காடு, முகத்தில் தூக்கம் கெட்ட களை. தன் பெயர் நசீர் அகமது என்றார். ஆம்பூரில் தோல் தொழில். உடன் வந்தவள் தங்கை சுல்தானா. அறை எதுவும் வேண்டாம், எத்தியேன் இங்கேதான் தங்கியிருக்கிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். காலையிலிருந்து இந்தச் சாலையில் இருக்கிற விடுதியெல்லாம் ஏறி இறங்கிவிட்டாராம்.

தங்கியிருப்பவர்களைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எத்தியேன் ஸ்விட்சர்லாந்தில் தனி ஆளாகக் கைக்கடிகாரம் செய்கிறவர், உலகத்தில் இப்படிச் செய்கிறவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் என்று மெதுவாக விளக்கினார்.

"எங்க எட்டியப்பனா? அவரு கையில வாட்சே கட்டமாட்டாரே" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நசீர் சிரிக்காமல் இருக்க முயன்றார். சுல்தானா சிரித்தே விட்டாள். இனி விறைத்துக்கொண்டு பயனில்லை. எத்தியேன் காலையில் மலைமேல் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறினால் சாயங்கால டீக்குத்தான் இறங்குவார், உட்காருங்கள் என்று சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அவர்களை உட்கார வைத்ததில் இரக்கம் கொஞ்சம், மீதி எல்லாம் எனக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்கிற அரிப்பு.

நசீர் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தால் கோர்ட் குமாஸ்தா கட்டுவது போல இருந்தது. வெள்ளை முகம், மூன்று முள், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற ஒரு பெயர். இதற்கா இத்தனை அலைச்சல் என்று கேட்டேன். இது வேறொருவர் செய்தது, ஆனால் இதே மாதிரி வேலைதான் என்று சொல்லி அவர் அதைக் கழற்றித் திருப்பி என் உள்ளங்கையில் வைத்தார். பின்பக்கம் கண்ணாடி. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கொடுத்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓர் ஊரே தெரிந்தது. வளைந்த தகடுகள், அவற்றுக்கு அடியில் சக்கரங்கள், ஒரு மூலையில் மூச்சு வாங்குவது போல விரிந்து சுருங்கும் ஒரு சுருள். ஒவ்வொரு தகட்டின் ஓரமும் சரிவாகச் சீவப்பட்டுக் கண்ணாடியாகப் பளபளத்தது. இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சந்திக்கிற மூலையைப் பாருங்கள் என்றார் நசீர். அங்கே ஒரு கோடு, முடியை விட மெல்லியது, நேராக ஓடி முனையில் கூராக முடிந்தது.

அந்த உள்மூலைதான் விஷயம் என்றார். சுழலும் வெட்டுக் கருவி எதுவாக இருந்தாலும் உள்மூலையை வட்டமாகத்தான் விட்டுப் போகும். கூராக வேண்டும் என்றால் ஓர் ஆள் உட்கார்ந்து அரத்தால் சீவி, பிறகு ஸ்விட்சர்லாந்து மலையில் வளரும் ஏதோ ஒரு செடியின் காய்ந்த தண்டால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மூலைக்கே ஒரு நாள் போனாலும் போய்விடும். கை கொஞ்சம் பிசகினால் தகட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

"கையில கட்டினா இந்தப் பக்கம் தோல்ல ஒட்டிக்கும். யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். நேரமாவது சரியாகக் காட்டுமா என்றால், போன் இதை விடச் சரியாகக் காட்டும் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. விலை கேட்டேன். சொன்னார். கன்னியம்மாள் காதில் விழுந்துவிடப் போகிறது என்று எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அப்ப எதுக்குத்தான் பாய் இது?"

அவர் யோசித்தார். இருபது வருடமாகச் சேர்க்கிறாராம். ஆரம்பத்தில் எல்லோரையும் போலப் பெரிய கம்பெனிக் கடிகாரங்களாக வாங்கி அடுக்கியிருக்கிறார். ஒரு நாள் இப்படித் தனி ஆள் செய்த ஒன்றை லென்ஸில் பார்த்த பிறகு அவ்வளவையும் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"பெரிய கம்பெனி வாட்ச் நல்லாத்தாங்க இருக்கும். பணம் ஜாஸ்தி இருந்தா எத்தினி வேணா வாங்கலாம். செஞ்சது யாருன்னு நமக்குத் தெரியாது, வாங்கினது யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. இவரு அப்படி இல்லீங்க. நான் யாருன்னு தெரிஞ்சாத்தான் வேலையே ஆரம்பிப்பாரு" என்றார்.

எத்தியேன் வருடத்துக்குச் செய்வதை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவரே கடிதம் எழுதுவார், வரச் சொல்வார், பேசுவார், யாருக்குச் செய்வது என்று அவர்தான் முடிவு செய்வார். நசீருக்கும் ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். வருடக்கணக்கில் காத்திருந்து, பனிக்காலத்தில் அந்தக் கிராமத்துக்கே போய், அவர் வீட்டுச் சமையலறையில் சூப் குடித்துவிட்டு வாங்கி வந்தாராம். அதைச் சொல்லும்போது நசீரின் முகம் கல்யாண வீட்டுப் பிள்ளை முகமாக மாறியது.

"எங்க அது? அதைக் கட்டிக்கினு வந்திருக்கலாமே" என்றேன்.

சுல்தானா எழுந்து வெளியே போய், தோட்டத்தில் செம்பருத்திச் செடியைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தக் கடிகாரம் ஒரு வருடத்துக்குள் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்துவிட்டது என்றார் நசீர். கடிகாரம் சேர்ப்பவர்கள் உலகத்தில் அதை விடப் பெரிய தப்பு கிடையாதாம். நம்பிச் செய்து கொடுத்ததை வாங்கிய சூட்டோடு விற்பவனை வியாபாரி என்று ஒதுக்கிவிடுவார்கள். எத்தியேன் இரண்டே வரியில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், அதன் பிறகு எதற்கும் பதில் இல்லை. ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். அதை மட்டும் சொல்ல முடியாதுங்க என்றார். இன்னொரு கடிகாரம் செய்து கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். அது கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, அவர் தன்னை வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு கடிகாரத்துக்காக இந்த வயதில் ஓர் ஆள் இப்படி உடைவதை நான் பார்த்ததில்லை.

எத்தியேன் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போய்ச் சொன்னேன். நசீர் என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மூடிக்கொண்டது. பார்க்க விருப்பமில்லை என்றார். நான் விடவில்லை, அப்படி என்னதான் கோபம் என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் என்னிடம் நின்று பேசினார்.

நசீருக்கு வலது கட்டைவிரல் மடங்காது, பார்த்தாயா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. சின்ன வயதில் தோல் சீவும் மெஷினில் மாட்டிக்கொண்ட விரல். அவருடைய கடிகாரம் தினமும் சாவி கொடுக்க வேண்டியது. சாவி கொடுக்கிற குமிழ் சின்னதாக இருந்தால் அந்த விரலுக்குப் பிடி கிடைக்காது. அதற்காகக் குமிழைப் பெரிதாக்கினார். குமிழ் பெரிதானதும் பக்கவாட்டு வளைவு பொருந்தவில்லை, அதையும் மாற்றினார். அது பொருந்தியதும் உள்ளே ஒரு தகட்டைப் புதிதாக வெட்ட வேண்டி வந்தது. பல மாதங்கள் அந்த ஒரு விரலை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்றார். பிறகு ஒரு நாள் ஏலக் கம்பெனியின் புத்தகத்தில் அதன் படம், கீழே ஒரு குறிப்பு: வழக்கத்துக்கு மாறான பெரிய குமிழ், அபூர்வமானது, அதனால் விலை கூடுதல்.

அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அப்படிப் பட்ட பிறகும், ஆம்பூரிலிருந்து தங்கையோடு வந்து காத்திருக்கிறார், ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். கன்னியம்மாள் வெங்காயப் பக்கோடா போடுகிற வாசனையும் கொஞ்சம் உதவியிருக்கலாம். வந்தார்.

நசீர் எழுந்து நின்றார். எத்தியேன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டை நடுவில் நகர்த்தினேன், யாரும் தொடவில்லை. சுல்தானா முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். இப்படியே டீ ஆறி முடிந்துவிடும் என்று நான் நினைத்தபோது எத்தியேனின் கண் நசீரின் மணிக்கட்டில் போய் நின்றது.

பார்க்கலாமா என்று கேட்டார். நசீர் கழற்றிக் கொடுத்தார். எத்தியேன் லென்ஸை வாங்கிக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. அது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் செய்த கடிகாரமாம். கிழவர் செத்துப் பல வருடமாகிறது, அவர் செய்தவை உலகத்தில் எங்கெங்கோ பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. இந்தத் தகட்டைக் கிழவர் தேய்த்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன் என்றார், யாரிடம் என்றில்லாமல். ரொம்ப அழகு என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ரொம்ப அழகு.

"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் நசீர் இங்கிலீஷில்.

எத்தியேன் லென்ஸை எடுத்தார். கடிகாரத்தை மேசையில் வைத்து நசீர் பக்கம் தள்ளினார். முகம் சிவந்துவிட்டது. என்னை விலைக்கு வாங்க வந்தீர்களா என்று கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். நசீர் வெளுத்துப் போனார். காரியம் கெட்டுப்போனது என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மேடம், அவரை உக்காரச் சொல்லுங்க" என்றாள் சுல்தானா. "எனக்கு அவர் பேசறது புரியுது, திருப்பிப் பேசத்தான் வரல. நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

"சுல்தானா, வேணாம்" என்றார் நசீர்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், தாத்தா காலத்திலிருந்து வருகிறது என்றாள். நம்மிடம் இருக்கிற பொருளை ஒருவர் வாய்விட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அது அவருக்குப் போய்ச் சேர வேண்டியது. கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது. தாத்தா ஒரு குதிரை வண்டியையே அப்படிக் கொடுத்தவராம். அண்ணன் அதில் தாத்தாவை மிஞ்சியவர்.

"ரம்ஜான் அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்தாரு. வாட்ச் நல்லா இருக்கு மச்சான், நல்லா இருக்கு மச்சான்னு சொல்லிக்கினே இருந்தாரு. அவருக்கு எங்க வழக்கம் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னாரு. அண்ணன் அங்கேயே கழட்டிக் குடுத்துட்டாங்க. அவரு அதை வித்துட்டாரு. என் புருஷனால நான் நாலு பேர் முன்னால தலை குனியக் கூடாதுன்னு அண்ணன் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டயே ஒரு வார்த்தை கேக்கல. இப்பவும் லஞ்சம் குடுக்கலீங்க. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க, குடுத்துட்டாங்க."

நான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். எத்தியேன் உட்கார்ந்தார். எவ்வளவு காலம் காத்திருந்து வாங்கினீர்கள் என்று மைத்துனரிடம் அப்போது சொன்னீர்களா என்று நசீரைக் கேட்டார். சொன்னால் அது கொடுத்ததாக ஆகாதே, கணக்குச் சொன்னதாக அல்லவா ஆகும் என்றார் நசீர். எத்தியேன் அவருடைய மடங்காத கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உங்களை வியாபாரி என்று நினைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

நசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்காகத்தானே வந்தார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. மேசையில் கிடந்த கடிகாரத்தை எத்தியேன் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கொடுத்ததை வாங்கமாட்டேன் என்று நசீர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போய் வந்து கடைசியில் பக்கோடாத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. எண்ணெய் படப் போகிறது, யாராவது ஒருவர் எடுங்கள் என்று நான் சத்தம் போட்ட பிறகு எத்தியேன் எடுத்தார். பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். நசீருக்கு அதில்தான் நிம்மதி.

"அப்ப இவருக்கு இன்னொரு வாட்ச்?" என்று நானே கேட்டுவிட்டேன். யாராவது கேட்டாக வேண்டும்.

முடியாது என்றார் எத்தியேன். வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் உறுதியாகச் சொன்னார். இவருக்கு நான் ஒன்று செய்தால், அடுத்து யார் வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் செய்கிறேன். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாத கைக்கு எனக்குச் செய்ய வராது.

எனக்குச் சுருக்கென்றது. நல்ல குணத்துக்குத் தண்டனையா என்று சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன். நசீர் என்னைக் கையமர்த்தி, அவர் சொல்வது சரிதான் என்றார். தன்னால் வழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தால் நடுவில் இருக்கிறவள் என்னதான் செய்வது? டீயை ஆற்றினேன்.

எத்தியேன் சுல்தானா பக்கம் திரும்பினார். என்னை அவளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். அந்தக் கடிகாரம் உன்னுடையதாக இருந்து, உன் கணவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நீ என்ன செய்வாய்?

சுல்தானா அதற்கு யோசிக்கவே இல்லை.

"ஆமா, நல்லா இருக்குன்னு சொல்லுவேன், அவ்ளோதான்."

நான் சிரித்த சிரிப்பில் கன்னியம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். மொழிபெயர்த்துச் சொன்னதும் எத்தியேனும் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் ஆளே மாறிவிட்டார். அவளுக்குக் கடிகாரம் கட்டிப் பழக்கம் உண்டா, எந்தக் கையில், எழுதுவது எந்தக் கையால் என்று வரிசையாகக் கேட்டார். இடது கையால் என்றாள். அப்படியானால் கட்டுவது வலது கை, குமிழை இடது பக்கம் வைக்க வேண்டும், அதற்கு உள்ளே எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை.

சுல்தானாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அண்ணன் காத்திருந்தது எனக்கு எதற்கு என்று பதறினாள். எனக்கு மணி பார்க்கக்கூட நேரம் இல்லை என்றாள். நசீர் அவள் தலையில் கை வைத்து, கட்டிக்கோம்மா என்றார். கன்னியம்மாள் பூ கட்டுகிற நூலை எடுத்து வந்தாள், நான்தான் சுல்தானாவின் மணிக்கட்டில் சுற்றி அளவு எடுத்தேன். மெலிந்த கை, நரம்பு தெரிந்தது. எத்தியேன் நூலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருடங்கள் ஆகும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். நாங்கள் பொறுமையானவர்கள்தான் என்றாள் சுல்தானா.

இருட்டுவதற்குள் போளூர் தாண்ட வேண்டும் என்று கிளம்பினார்கள். நான் கார் வரை போனேன். நசீர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். அங்கே கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தங்கையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வந்தப்புறம் எனக்கு எப்பவாச்சும் காட்டுவியா?"

"வீட்டுக்கு வாங்க, காட்டறேன்."

"லென்ஸ் வச்சு நீ பாத்ததில்ல. அவரு வேலை ரொம்ப நல்லா இருக்கும்மா."

சுல்தானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"ஆமாண்ணே" என்றாள். "நல்லா இருக்கும்."